12 வருடப் பழைய டிரெய்லர் வாங்கியிருக்கிறேன், வேலையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். போன மாதம் பழைய டிராவல் டிரெய்லர் (காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும், தங்கும் வசதியுள்ள வண்டி) ஒன்று வாங்கினேன். வயது 12. உள்நீளம் 5.5 மீட்டர், ஒற்றை அச்சு, ரப்பர் கூரை. கதவருகே உள்ள ஸ்டிக்கரில் மொத்த எடை 1,800 கிலோவைத் தாண்டக் கூடாது என்றும், காலி எடை 1,380 என்றும் போட்டிருக்கிறது. நான், மனைவி, ஒன்பது வயது மகள், மூன்று பேர். மகளின் விடுமுறை முழுவதையும் இதிலேயே கழிக்க ஆசை. மடிக்கணினி இருந்தால் என் வேலை ஓடும், அதனால் தினமும் ஆறு மணி நேரம் உட்கார ஒரு மேசை கட்டாயம் வேண்டும்.

மனதில் இருப்பவை இவை: கூரையில் 400 வாட் சோலார் (ஒட்டுகிற வகை வளையும் பேனல் சுலபம் என்கிறார்கள்), பழைய லெட் ஆசிட் பேட்டரிக்குப் பதில் லித்தியம், சாப்பாட்டு மேசையை எடுத்துவிட்டு அங்கே வேலை மேசை, மகளுக்குத் தனிப் படுக்கையும் புத்தக அலமாரியும், பின்பக்கம் இரண்டு சைக்கிள் மாட்ட ஒரு ஸ்டாண்டு, கூரையில் காற்றாடி.

மரவேலை ஓரளவு வரும், வீட்டு அலமாரிகள் நானே செய்தவைதான். மின்வேலையில் சுவிட்ச் மாற்றும் அளவுக்குத்தான் பழக்கம். அனுபவம் உள்ளவர்கள் எதை முதலில் செய்யலாம் என்று சொல்லுங்கள்.

முதல் பதில்

நண்பரே, உங்கள் பட்டியலில் எதுவும் தவறில்லை. ஆனால் இன்னும் ஒரு மாதத்துக்கு டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள். மூன்று டிரெய்லர்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் தண்ணீர், அப்புறம் எடை, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

என் முதல் டிரெய்லரில் சோலார் பிராக்கெட்டை நானே பொருத்தினேன். ஸ்க்ரூ ஓட்டைகளை மூட, குளியலறைக்குப் பூசும் சிலிக்கானைப் போட்டேன். இரண்டு வருடம் எதுவும் தெரியவில்லை. ஒருநாள் துணி அலமாரி அருகே கால் வைத்தபோது தரை மெத்தென்று உள்ளே போனது. பிராக்கெட் இருந்தது நடுவில், தரை போனது ஓரத்தில். கூரைச் சட்டத்தின் வழியாகவே தண்ணீர் ஊர்ந்து வந்து சுவருக்குள் இறங்கியிருக்கிறது. உள்சுவரைக் கழற்றினால் சட்டங்கள் கையோடு உதிர்ந்து வந்தன. அந்தக் கோடை முழுவதும் போனது. என் பையன் தினமும் வந்து "எப்போ கிளம்புறோம்ப்பா?" என்று கேட்பான், அதற்கு என்னிடம் பதில் இருக்காது.

அதனால் ஊசி முனை உள்ள ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்குங்கள். ஜன்னல்களின் கீழ்மூலைகள், கூரைத் திறப்பைச் சுற்றி, முன்சுவரும் தரையும் சேரும் இடம், குளியலறைச் சுவரின் அடிப்பக்கம் என எல்லா இடத்திலும் குத்திப் பாருங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 20ஐத் தாண்டினால் மரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும் நிலை. ஈரமான சுவரை மூடி அதன்மேல் அலமாரி அடித்துவிட்டால் பிறகு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான்.

ரப்பர் கூரையில் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். ஒருமுறை பூசிவிட்டால் பிறகு அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது. பிராக்கெட்டுக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசின்போல ஒட்டும் ரப்பர் பட்டை), ஸ்க்ரூ தலைகளின் மேல் தானே பரவிச் சமமாகும் கூரை சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை). சரிவிலும் சுவரிலும் வழியாத வகை சீலன்ட். ஸ்க்ரூ கூரைச் சட்டத்தில்தான் இறங்க வேண்டும், இரண்டு சட்டங்களுக்கு நடுவில் உள்ள மெல்லிய பலகையில் பிடிப்பு இருக்காது. ஒட்டுகிற பேனலை நான் விரும்புவதில்லை. அடியில் காற்று போகாததால் சூடு ஏறும். பேனல் ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் உற்பத்தி ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். கண்ணாடி பேனலைச் சில சென்டிமீட்டர் தூக்கிப் பொருத்துங்கள்.

எடைக்கு வருகிறேன். 1,800லிருந்து 1,380 போனால் 420 கிலோ. கேட்க நிறைய போலத்தான் இருக்கும். 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 100 கிலோ போச்சு. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 8க்கு 4 அடி முழுத் தாள் ஒன்று 30 கிலோ வரும். வீட்டு அலமாரி செய்த கைக்கு அந்தக் கனம்தான் பழக்கம், அதைத்தான் மறக்க வேண்டும். 9 மில்லிமீட்டர் தாளை எடுத்து, ஓரங்களில் ரீப்பர் ஒட்டி விறைப்பு கொடுத்தால் பாதி எடையில் வேலை முடியும்.

சைக்கிள் ஸ்டாண்டு பற்றித்தான் எனக்குக் கவலை. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்னால் ஹிட்ச்சின் (காரோடு இணைக்கும் கொக்கியின்) மேல் உட்கார வேண்டும். டங் வெயிட் என்பது அதைத்தான். அது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், இழுக்கும் வண்டியையும் சேர்த்துத் தள்ளிவிடும். அச்சிலிருந்து ஹிட்ச் 4 மீட்டர், பின்னால் ஸ்டாண்டு 3.2 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டும் இரண்டு சைக்கிளும் சேர்ந்து 40 கிலோ என்றால், முன்னால் 32 கிலோவைத் தூக்கிவிடும். 1,600 கிலோ டிரெய்லரில் 170 ஆக இருந்த டங் வெயிட் 138க்கு இறங்கும், மொத்தமோ 1,640க்கு ஏறும். 8.4 சதவீதம்தான் மிஞ்சும். இதில் மகளை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகக் கூடாது.

அளக்க வீட்டு எடைமெஷினே போதும். உறுதியான பலகையின் ஒரு முனைக்கு அடியில் செங்கல், மறுமுனைக்கு அடியில் மெஷின். இரண்டுக்கும் இடையே 90 சென்டிமீட்டர். செங்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு குழாய்த் துண்டின் மேல் கப்ளரை (ஹிட்ச்சில் மாட்டும் டிரெய்லரின் முன்முனையை) இறக்குங்கள். மெஷின் காட்டுவதில் பலகை மட்டும் வைத்தபோது காட்டியதைக் கழித்து, மூன்றால் பெருக்கினால் டங் வெயிட். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, டிரெய்லர் மட்டமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தபின் செய்யுங்கள்.

மின்சாரத்தில் உங்கள் கணக்கைக் குறைக்கலாம். மடிக்கணினி 60 வாட், ஆறு மணி நேரத்துக்கு 360 வாட் அவர். காற்றாடி 24 வாட் என்றால் பத்து மணி நேரத்துக்கு 240. விளக்கும் பம்பும் சேர்த்தாலும் 700க்குள் அடங்கும். 100 ஆம்பியர் அவர் எல்எஃப்பி (லித்தியத்தில் ஒரு வகை) பேட்டரி ஒன்று 1,280 வாட் அவர் தரும். நல்ல வெயிலில் 200 வாட் பேனலே தினமும் 600 அளவுக்குக் கொடுக்கும். நாளெல்லாம் நிழலில் நிறுத்துவதாக இருந்தால்தான் 400ஐ யோசியுங்கள். மடிக்கணினியை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாமல் 12 வோல்ட் சார்ஜரில் நேராகப் போடுங்கள். இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலும் தின்னும்.

பேட்டரியை மட்டும் மாற்றினால் போதாது. பல பழைய சார்ஜர்கள் 13.6 வோல்ட்டோடு நின்றுவிடும். இந்த பேட்டரி முழுதாக நிரம்ப 14.2க்கு மேல் கேட்கும். அதுபோல உறைபனிக் குளிரில், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே, இதைச் சார்ஜ் செய்யவே கூடாது. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஒயரிலும் கை சுருக்க வேண்டாம்: பேட்டரியிலிருந்து மேசை 5 மீட்டர் என்றால், போக வர 10 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 10 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.3க்குள். வெளியிலிருந்து வரும் பெரிய மின்சாரத்தையும் கேஸ் குழாயையும் தொடாதீர்கள், அதற்கு உரிமம் உள்ளவரை அழையுங்கள்.

இரண்டாம் பதில்

தம்பி, மேலே எழுதியவர் சொன்னது முழுக்கச் சரி. எனக்கு ஒரே ஒரு மாற்றுக் கருத்து. ஒரு மாதம் அளந்துகொண்டே இருக்காமல், எதையும் மாற்றாமல் அதில் ஒரு வாரம் குடும்பத்தோடு தங்கிவிடுங்கள். ஈரத் துண்டை எங்கே போடுகிறீர்கள், செருப்பு எங்கே குவிகிறது, இரவில் எழுந்தால் எந்த மூலையில் இடித்துக்கொள்கிறீர்கள் என்பது அப்போதுதான் தெரியும். நாங்கள் சாப்பாட்டு மேசையை முதல் வாரமே பிடுங்கிப் போட்டோம். மழை பெய்த மூன்று நாளும் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து வரைய இடமில்லை. திரும்பவும் ஒன்று செய்தோம், இந்த முறை இறக்கிக் கட்டிலாக்கும் மாதிரி. உங்கள் மகளிடமும் கேளுங்கள். அவளுக்குத் தனிக் கட்டிலைவிட ஜன்னல் ஓரம்தான் வேண்டியிருக்கலாம்.

அப்புறம் உள்ளே உண்டாகும் ஈரம். மூன்று பேரின் மூச்சு, சமையல், குளியல் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான். அடுப்பில் ஒரு கிலோ புரொப்பேன் கேஸ் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது, நான் முதலில் நம்பவே இல்லை. குளிர்ந்த இரவில் அதெல்லாம் ஜன்னலிலும் மெத்தைக்கு அடியிலும்தான் போய் ஒதுங்கும். எங்கள் மெத்தையைத் தூக்கிப் பார்த்தபோது அடிப்பலகை முழுக்கக் கறுப்புப் புள்ளி. இப்போது பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்ட சட்டங்கள் போட்டிருக்கிறோம், அடியில் காற்று ஓடுகிறது. உங்கள் பட்டியலில் கடைசியில் இருக்கும் கூரைக் காற்றாடியை நான் முதலாவதாக வைப்பேன். ஒரு ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைத்துக் காற்றாடியை வெளியே ஊதும்படி ஓட்டுங்கள்.

கேஸ் அலாரத்தையும் கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் பார்த்தீர்களா? 12 வருடத்துக்கு முன் வைத்ததே இருந்தால் நாளைக்கே மாற்றுங்கள். அவற்றின் உணரிகளுக்கு ஆயுள் உண்டு, காலாவதி வருடம் முதுகில் அச்சடித்திருக்கும். புரொப்பேன் காற்றைவிடக் கனம், அதனால் அந்த அலாரம் தரை அருகே இருக்க வேண்டும்.

பம்ப் சத்தத்துக்கும் ஒரு வழி சொல்கிறேன், குழந்தை தூங்கும்போது இதன் அருமை தெரியும். கட்டிலுக்கு அடியில் மெல்லிய பலகையில் பம்பை முடுக்கியிருப்பார்கள், அது மத்தளம்போல அதிரும். பம்புக்கு அடியில் ரப்பர் மெத்தை, இரண்டு பக்கமும் விறைப்பான குழாய்க்குப் பதில் அரை மீட்டர் வளையும் ஹோஸ். ஒரு மணி நேர வேலை.

கேட்டவர்

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஐந்து இரவு தங்கினோம். மகள் ஜன்னல் ஓரம்தான் கேட்டாள்.

எடைமேடையில் தண்ணீரும் சாமானும் ஏற்றி, டிரெய்லரை மட்டும் கழற்றி நிறுத்தினேன்: 1,560. பலகையோடு மெஷின் காட்டியது 55, பலகை மட்டும் 3. ஆக 52ஐ மூன்றால் பெருக்க 156. சரியாக 10 சதவீதம், இனிக் குறைய இடமே இல்லை. பின்பக்க ஸ்டாண்டை விட்டுவிட்டேன், சைக்கிள்கள் காரின் கூரையில் வரும். டயரின் நான்கு இலக்க எண்ணையும் பார்த்தேன். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம் என்று அப்போதுதான் தெரிந்தது. தேயாமல் பளபளவென்று இருக்கிறது, ஆனால் எட்டு வருடம் ஆகிவிட்டது. இரண்டையும் மாற்றிவிட்டேன். அலாரங்களும் புதிது.

மீட்டர் எல்லா இடத்திலும் 11, 12, 13. முன் ஜன்னலின் இடது கீழ்மூலையில் மட்டும் 28. அங்கேதான் மேசை போட நினைத்திருந்தேன். விரலால் அழுத்தினால் சுவர் லேசாக உள்வாங்குகிறது. எவ்வளவு தூரம் பிரிக்க வேண்டும்? வெளியிலிருந்தா, உள்ளேயிருந்தா?

முதலில் பதில் எழுதியவர்

இப்போதே கண்ணில் பட்டது நல்லது. உள்ளேயிருந்து பிரியுங்கள், வெளித்தகட்டைத் தொட வேண்டாம். ஆனால் பிரிக்கும் முன் எந்த இடத்தில் கசிகிறது என்று கண்டுபிடியுங்கள். ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விட்டு, கீழிருந்து மேலே வாருங்கள். ஜன்னலுக்குக் கீழே பத்து நிமிடம், பிறகு ஜன்னலின் அடிவிளிம்பு, பக்கங்கள், மேல்விளிம்பு, கடைசியாகக் கூரை ஓரம். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாக நனைந்து எதுவும் புரியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார வேண்டும். மகளுக்கு அந்த வேலையைக் கொடுங்கள், மிகக் கவனமாகப் பார்ப்பாள்.

சுவர்ப் பலகை 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். கத்தியால் கீறி, மீட்டர் 15க்குக் கீழே இறங்கும் இடம்வரை எடுங்கள். சட்டத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையைக் குத்துங்கள். உள்ளே போனால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, பக்கத்தில் புதுச் சட்டத்தைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டுச் சேருங்கள். குத்தினால் இறங்காத மரத்தை விட்டுவிடலாம். சுவர் திறந்திருக்கும்போதே, மேசை வரப்போகும் உயரத்தில் இரண்டு சட்டங்களுக்கும் குறுக்கே ஒரு ரீப்பர் வைத்துவிடுங்கள். பிறகு மேசைக் கீலை அதில் முடுக்கலாம். வீட்டுச் சுவரில் அடிக்கும் பிளாஸ்டிக் பிளக் வண்டி ஓடும் அதிர்வில் ஒரு மாதம்கூடத் தாங்காது. மேசையின் முன்கால் தரையில் நிற்கட்டும்.

ஜன்னல்தான் காரணம் என்றால் அதை முழுதாகக் கழற்றி, பழைய பிசினைச் சுரண்டி, துடைத்து, புது பியூட்டைல் டேப் சுற்றிப் போட்டு மாட்டுங்கள். ஒரேயடியாக இறுக்க வேண்டாம். மூன்று நாள் கழித்து இன்னொரு சுற்று முடுக்கி, பிதுங்கியதை நறுக்குங்கள். மேலே சீலன்ட் பூசி மட்டும் விடுவது ஆறு மாதம்கூட நிற்காது, நான் செய்து பார்த்திருக்கிறேன்.

காற்றாடி வைத்து இரண்டு வாரம் காயவிடுங்கள். நல்ல மழை ஒன்று பெய்யும்வரை சுவரை மூடாதீர்கள். மழைக்கு மறுநாள் அந்த மூலையில் மீட்டர் என்ன காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள், மேசை அளவை அப்புறம் பேசலாம்.