தொலைபேசி ஒலித்த அந்தக் கணம்: ‘ஆடிஷன்’ பார்த்தவர்கள் பகிர்ந்தவை

பின்னிரவுப் பார்வையாளர்

தகாஷி மீகே இயக்கிய ஜப்பானியத் திகில் படமான ‘ஆடிஷன்’ இங்குள்ள பலரும் பார்த்த படம் என்பதால் கதையை விரித்துச் சொல்லப் போவதில்லை. மனைவியை இழந்து ஏழு ஆண்டுகள் கழிந்த ஆவோயாமா, மகன் எடுத்துச் சொன்ன பிறகு மறுமணத்துக்கு இசைகிறார். நடிகைத் தேர்வு என்ற பெயரில் பெண் தேடலாம் என்று திரைத்துறை நண்பர் யோஷிகாவா வழி சொல்கிறார். இடுப்பில் பட்ட காயத்தால் பாலே நடனத்தைக் கைவிட நேர்ந்ததைப் பற்றி, தேர்வுக்கு விண்ணப்பித்த அசாமி என்ற பெண் எழுதி அனுப்பியதைப் படித்தபோதே, அவளை நேரில் காணும் முன்பே, அவர் மனம் அவளிடம் போய்விடுகிறது.

இது எவ்வகைப் படம் என்று தெரியாமல்தான் நான் பார்க்க உட்கார்ந்தேன். அந்த வாரங்களில் நானும் ஒருவருடைய அழைப்புக்காகக் காத்திருந்தேன். வெறும் தரை, ஒரு தொலைபேசி, முகத்தை மறைத்த கூந்தலுடன் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் பெண் என்று, ஆவோயாமாவின் அழைப்புக்காகக் காத்திருக்கும் அசாமியின் அறை திரையில் வந்தபோது, என்னை யாரோ பார்த்துவிட்டதுபோல் இருந்தது. பின்னால் ஒரு சாக்கு மூட்டை கிடந்ததைக் கண்டும் நான் பொருட்படுத்தவில்லை. மணி ஒலிக்கிறது, கூந்தலுக்குள் அவள் மெல்லச் சிரிக்கிறாள், அந்த மூட்டை துள்ளிப் புரள்கிறது. நான் எழுந்து விளக்கைப் போட்டேன். ஆனால் என்னை இன்றுவரை விடாமல் உறுத்துவது அந்த அச்சமன்று. மூட்டை அசைவதற்கு முன் அவள்மீது எனக்கு எழுந்த இரக்கம், அது அசைந்த பிறகும் போகவில்லை.

தாழ்வாரம்

மேலே எழுதியவரின் இரக்கம் உண்மையானது என்பதை ஏற்கிறேன். ஆயினும் கதையை அந்த அறையிலிருந்து தொடங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அது தொடங்குவது நடிகைத் தேர்வு நடக்கும் கூடத்தில். ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் நாற்காலியில் வந்து அமர்கிறார்கள், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறார்கள். எதற்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறோம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அதுவரை பெரிதாக வாய் திறவாத ஆவோயாமா, அசாமி வந்ததும் பேசத் தொடங்கி நிறுத்த முடியாமல் பேசுகிறார். இருபத்து நான்கு வயதில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன் நான் அமர்ந்திருந்தது அந்த இடத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது. என் வீட்டிலாவது எதற்காக வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ரியோ இஷிபாஷி அந்த மனிதரை மிகவும் நல்லவராகவே நடித்துக் காட்டுகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் கொடியவராக இருந்திருந்தால் நான் படத்தை முடித்துவிட்டு நிம்மதியாக உறங்கியிருப்பேன்.

தக்கசாக்கி வழித்தடம்

ஆறு ஆண்டுகளாக ஜப்பானின் சைத்தாமா மாநிலத்தில் வசிக்கிறேன். வேலைக்குப் போகும் ரயில் ஓகெகாவா நிலையத்தைக் கடந்து செல்கிறது. 1999 அக்டோபரில், ‘ஆடிஷன்’ வான்கூவர் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட அதே மாதத்தில், அந்த நிலையத்தின் முன் 21 வயது மாணவி ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். உறவை முறித்துக்கொண்ட பிறகும் ஓர் ஆணும் அவனைச் சேர்ந்தவர்களும் அவரை விடாமல் துரத்தினார்கள். அவரும் பெற்றோரும் காவல் நிலையத்தில் முறையிட்டும் பயன் இல்லாமல் போனது. அதன் பிறகே, 2000 மே மாதத்தில், பின்தொடர்ந்து தொல்லை தருவதைத் தடுக்கும் சட்டம் ஜப்பானில் நிறைவேறி, நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

ரியூ முரகாமியின் மூல நாவல் 1997-இல் வெளிவந்தது. ஆகவே படத்துக்கும் கொலைக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால் ஒரு மாலை வீடு திரும்பிப் படத்தைப் பார்த்தபோது, ‘என்னை மட்டுமே நேசிப்பீர்களா’ என்று அசாமி கேட்கும் இடத்தில் நிறுத்திவிட்டேன். அந்தச் சொற்கள் பெரும்பாலும் யார் வாயிலிருந்து வந்து யாரைக் கொன்றிருக்கின்றன என்பதை அந்த நடைமேடை எனக்குத் தினமும் சொல்கிறது. மீதியைப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

வெண்திரை நேசன்

நான் கல்லூரி விடுதியில் நால்வரோடு பார்த்தேன்; ‘கிரி கிரி கிரி’ என்று குழந்தையைக் கொஞ்சுவதுபோல் அசாமி சொல்லிக்கொண்டே ஆவோயாமாவின் உடலில் ஊசிகளை இறக்கும்போது இருவர் வெளியேறிவிட்டார்கள். என் அனுபவம் அவ்வளவுதான்.

இனிப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். முதலில், படத்தின் சுவரொட்டியையோ வட்டின் அட்டையையோ பார்க்காதீர்கள். பின்பாதியில் வருவதை அவை முன்னரே காட்டிவிடுகின்றன. முதல் ஒரு மணி நேரம் மெதுவாகப் போகிறது என்று ஓட்டிவிடாதீர்கள், ஏனெனில் மகனோடு மீன் பிடிப்பதையும் வீட்டு நாயையும் மெல்ல வளரும் அந்தச் சந்திப்புகளையும் பொறுமையாகப் பார்த்தவருக்கே பின்னால் வருவது வலிக்கும். 2000-இல் ராட்டர்டாம் விழாவிலேயே பலர் எழுந்து போனார்கள். ஆகவே பாதியில் நிறுத்துவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஊசியைக் கண்டால் மயங்குபவர்களும் அண்மையில் துணையை இழந்தவர்களும் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். தனிமையைப் பற்றிய ஜப்பானியத் திகில் படம் வேண்டும், இரத்தம் வேண்டாம் என்பவர்கள் கியோஷி குரோசாவாவின் ‘கைரோ’ படத்தைப் பார்க்கலாம், 2001-இல் வந்தது. அழைப்புக்குக் காத்திருந்ததாக எழுதிய நண்பர், இரவில் தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு உறங்கப் பழக வேண்டும். நான் அப்படித்தான் மீண்டேன். முதல் மூன்று இரவுகள்தான் கடினம்.

பின்னிரவுப் பார்வையாளர்

அக்கறைக்கு நன்றி. அந்த அழைப்பு வரவில்லை; அதற்குப் பிறகு ஆண்டுகள் பல ஆகிவிட்டன, இப்போது நன்றாக உறங்குகிறேன். தாழ்வாரம் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு மறுபடியும் பார்த்தேன். கூடத்துக் காட்சியில் அந்தப் பெண்களின் முகங்களை இந்த முறைதான் ஒவ்வொன்றாகக் கவனித்தேன். முன்பு அசாமி எப்போது வருவாள் என்று ஆவோயாமாவைப் போலவே நானும் காத்திருந்திருக்கிறேன். அந்தத் திருத்தத்தை ஏற்கிறேன்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. முடிவில் மகன் உதைத்துத் தள்ள, அசாமி மாடிப்படியில் உருண்டு விழுந்து, கழுத்து முறிந்து கிடக்கிறாள். பாதம் அறுபட்ட ஆவோயாமாவும் அசைய முடியாமல் அவளுக்கு எதிரே கிடக்கிறார். அசாமியாக நடித்த எய்ஹி ஷீனாவின் குரல் அங்கே சிறிதும் உயர்வதில்லை. தாங்கள் பழகத் தொடங்கிய நாட்களில் அவரிடம் சொன்ன சொற்களையே, அவரது அழைப்புக்காகக் காத்திருந்ததைப் பற்றிய அதே சொற்களையே, அவள் திரும்பச் சொல்கிறாள். அவர் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.