8.5 பாய்க்கு எந்த போர்ட்: அகலமா, நீளமா?

சோளகம் (ரொறன்ரோ)

எல்லாருக்கும் வணக்கம். விண்ட்சர்ஃபிங் போர்ட் வாங்க வேண்டும், குழம்பிப்போய் நிற்கிறேன். வயது 46, எடை 92 கிலோ. செரி பீச்சில் இது மூன்றாவது கோடை. லெஸ்லி ஸ்ட்ரீட் ஸ்பிட் என்கிற நீண்ட நிலத்துண்டு மறித்து நிற்பதால் உள்ளே தண்ணீர் குளம் மாதிரித்தான், அலைத் தொல்லை இல்லை. தொல்லை காற்றில். எனக்கு நேரம் கிடைக்கிற சனி, ஞாயிறுகளில் மத்தியானத்துக்குப் பிறகு 10 முதல் 14 நாட் (மணிக்கு 18.5 முதல் 26 கிலோமீட்டர்). அதைத் தாண்டினால் அன்றைக்குத் திருவிழா.

இப்போது இருப்பது 118 லிட்டர், 66 சென்டிமீட்டர் அகலமான பழைய போர்ட். 7.0 சதுர மீட்டர் பாயோடு சேர்த்து வாங்கியது. காற்றுப் போதவில்லை என்று இந்த வருஷம் 8.5 பாய் ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். வேகம் கூடும் என்று பார்த்தால், தண்ணீரிலிருந்து பாயைத் தூக்கி நிறுத்துவதற்குள் முதுகு விட்டுப்போகிறது. நிறுத்தினால் போர்டின் மூக்கு தண்ணீருக்குள் குத்துகிறது. போன கிழமை இரண்டு மணித்தியாலம் நின்றதில் ப்ளேனிங் (போர்ட் தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்கி ஓடுவது) ஆனது மூன்று நிமிஷம் இருந்தால் பெரிய விஷயம்.

போட்டிக்குப் போகிற எண்ணமெல்லாம் இல்லை. சும்மா சந்தோஷத்துக்கு. வீட்டில் ஒரு போர்ட் வாங்க அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்றே ஒன்று.

கச்சான் (ஹனோவர்)

தம்பி, பாயில் பிழை இல்லை. சைக்கிள் கரியரில் அலுமாரியைக் கட்டிவிட்டு சைக்கிள் ஆடுகிறது என்கிறீர்கள்.

முதலில் ஒரு கூட்டல். நீங்கள் 92. நனைந்த வெட்சூட், ஹார்னஸ் (பாயோடு கொளுவுகிற இடுப்புப்பட்டி) 4. மாஸ்ட் (பாய்மரம்), பூம் (பிடித்துக்கொள்கிற கம்பு) எல்லாம் சேர்த்து 8.5 பாய் எப்படியும் 10. போர்ட் 9. மொத்தம் 115 கிலோ. நன்னீரில் ஒரு லிட்டர் கொள்ளளவு ஒரு கிலோவைத்தான் தாங்கும். உங்கள் போர்ட் 118. மூழ்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். அதன்மேல் நின்று பாயைத் தூக்குகிறபோது முதுகு போகாமல் என்ன செய்யும்?

ஆனால் லிட்டரை மட்டும் பார்த்து வாங்கினால் திரும்பவும் மாட்டுப்படுவீர்கள். பெரிய பாய்க்கு முக்கியம் அகலம், அதிலும் பின்பக்க அகலம். பெரிய பாய் பக்கவாட்டில் தள்ளுகிற தள்ளுக்கு ஈடு கொடுக்க நீளமான ஃபின், அதாவது போர்டின் அடியில் பொருத்துகிற துடுப்பு, வேண்டும். அந்த நீளமான ஃபின் போர்டைக் கவிழ்க்கப் பார்க்கும். அதை அடக்க உங்கள் கால் நடுக்கோட்டிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். தள்ளி நிற்க இடம் வேண்டும். 66 சென்டிமீட்டரில் அந்த இடம் எங்கே இருக்கிறது?

என் கணக்கு: 80 முதல் 85 சென்டிமீட்டர் அகலம், 145 முதல் 160 லிட்டர், நீளம் இரண்டரை மீட்டருக்குள் இருக்கிற ஃப்ரீரைட் (போட்டிக்கு இல்லாமல் சும்மா ஓடுகிற) போர்ட். ஃபின் 48 அல்லது 50 சென்டிமீட்டர். முடிந்தது.

கொண்டல் (சிங்கப்பூர்)

முடியலை அண்ணே. அவர் எழுதியதை நீங்க சரியா படிக்கலை.

"10 முதல் 14 நாட்" என்கிறார். 92 கிலோ ஆள் 8.5 பாயோடு, நீங்க சொல்ற அகல போர்டிலேயே ப்ளேனிங் ஆக 12 நாட்டாவது வேண்டும். அப்படியானால் தண்ணீரில் இருக்கிற நேரத்தில் பாதிக்கு மேல் அவர் ப்ளேனிங் இல்லாமல்தான் இருப்பார். அந்தப் பாதி நேரம் 85 சென்டிமீட்டர் அகலக் குட்டை போர்டில் எப்படி இருக்கும் என்று சொல்லுங்களேன். கதவைக் கழற்றித் தண்ணீரில் போட்டு, அதன் மேல் நிற்கிற மாதிரி இருக்கும். காற்றுக்கு எதிராக ஏறாது, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும், கடைசியில் போர்டைத் தூக்கிக்கொண்டு கரையோரம் நடந்து வர வேண்டியதுதான். இங்கே ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் வாரா வாரம் இந்த ஊர்வலத்தைப் பார்க்கிறேன். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று இருக்கிறதால் எங்களுக்குக் கொஞ்சம் பரவாயில்லை. மற்ற மாதங்களில் ஊர்வலம்தான்.

சோளகம் அண்ணே, டேகர்போர்ட் வைத்த நீள போர்ட் எடுங்க. நடுவில் தகடு இறங்குகிற வகை, மூன்றரை மீட்டருக்கு மேல். 6 நாட்டிலேயே ஓடும். காற்றை நோக்கி நல்லா ஏறும். ரேஸ்போர்ட் என்கிற, இந்த நீள போர்ட்களின் பந்தய வகுப்பில் 9.5 பாய் வரைக்கும் அனுமதி உண்டு, அதனால் உங்க 8.5 வீணாகாது. காற்று ஏறினால் தகட்டை மேலே இழுத்துவிட்டு, மாஸ்டின் அடியை அது நகருகிற டிராக்கில் பின்னுக்குத் தள்ளினால் அதுவும் ப்ளேன் ஆகும்.

கச்சான் (ஹனோவர்)

ஆகும், பஸ் ஓடுகிற மாதிரி. தங்கச்சி, திருப்பத்தில் அந்த நாலு மீட்டர் மரத்தை ஜைப் (காற்றுக்கு முதுகு காட்டித் திரும்புவது) பண்ணச் சொல்லிப் பாருங்கள், அவருக்கு மிச்சம் இருக்கிற முதுகும் போய்விடும்.

உலகமே அகலத்துக்கு வந்து 20 வருஷத்துக்கு மேலாகிறது. ஒலிம்பிக்கையே எடுங்கள். 1996 முதல் 2004 வரை மிஸ்ட்ரல் என்கிற போர்ட், நீளம் 3.72 மீட்டர். 2008 இல் ஆர்.எஸ்.எக்ஸ் வந்தது: நீளம் 2.86 மீட்டராகக் குறைந்தது, அகலம் 93 சென்டிமீட்டருக்குப் போனது. ஏன் மாற்றினார்கள்?

கொண்டல் (சிங்கப்பூர்)

பாதியைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்கிட்டீங்களே. அந்த 93 சென்டிமீட்டர் ஆர்.எஸ்.எக்ஸில் டேகர்போர்ட் இருந்ததா இல்லையா? இருந்தது. காற்று இல்லாத நாளிலும் ரேஸ் நடத்த வேண்டுமே. ஆண்களுக்கு 9.5 பாய், பெண்களுக்கு 8.5. காற்று குறைந்தால் அவங்க அந்தப் பாயை இழுத்து இழுத்து விசிறியே போவாங்க. அது சோளகம் அண்ணே கேட்கிற "சும்மா சந்தோஷம்" இல்லை.

பெரிய பாய் மேல் இருக்கிற இந்த மோகமே எனக்குப் புரியலை. காற்றின் தள்ளு, பாயின் பரப்போடு நேராகக் கூடும். காற்றின் வேகத்தோடு வர்க்கமாகக் கூடும். 7.0 இலிருந்து 8.5க்குப் போனால் பரப்பு சுமார் 21 சதவீதம் கூடுது. ஆனால் காற்று 11 இலிருந்து 12 நாட் ஆனாலே தள்ளு 19 சதவீதம் கூடிவிடும். ஒன்றரை சதுர மீட்டர் பாயை முதுகு ஒடியத் தூக்கி அண்ணன் சம்பாதித்தது ஒரே ஒரு நாட்.

கச்சான் (ஹனோவர்)

கணக்குச் சரி. ஆனால் ஏரியில் அந்த ஒரு நாட் தான் எல்லாமே. 11 க்கும் 12 க்கும் நடுவில்தான் ஒரு நாள் முழுக்கத் தொங்கிக்கொண்டு நிற்கும். கரையில் உட்கார்ந்து அந்த ஒரு நாட்டுக்காக நேர்த்திக்கடன் வைத்த ஆள் நான்.

கோவளம்_பையன் (சென்னை)

அண்ணா, அக்கா, ரெண்டு பேரும் பழைய சண்டையையே போடுறீங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் என்ன ஓடியது? ஐகியூஃபாயில். 2.20 மீட்டர் நீளம், 95 சென்டிமீட்டர் அகலம், அடியில் ஃபாயில், அதாவது ஒரு தண்டும் அதன் நுனியில் போர்டைத் தூக்குகிற இறக்கையும். 9, 10 நாட்டில் 6.0 பாயோடு போர்ட் தண்ணீரை விட்டே எழும்பிடும். 8.5 ஐ வித்துடுங்க. இங்கே சாயங்காலக் கடல்காற்றுக்கு நான் 5.5 தான் பிடிக்கிறேன். பாயும் லேசு, முதுகும் பிழைக்கும்.

கச்சான் (ஹனோவர்)

நான் போகிற ஷ்டைன்ஹூடர் மேர் ஏரியின் சராசரி ஆழம் 1.35 மீட்டர் தம்பி. ஃபாயில் தண்டு மட்டும் 85, 95 சென்டிமீட்டர். அதுக்குக் கீழே இறக்கை. ஏரியை உழுது நெல்லு விதைக்கலாம்.

சோளகம் (ரொறன்ரோ)

எனக்கு ஆழம் பிரச்சினை இல்லை. ஆனால் ஆகஸ்ட் வந்தால் செடி. ஃபினிலேயே கொத்தாகச் சுற்றும். ஃபாயிலில் சுற்றினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். போதாததற்கு 46 வயதில் கத்தி மாதிரி ஒன்றின் மேல் விழப் பழக வேண்டுமா என்று வீட்டில் கேள்வி வரும். இந்தக் கோடைக்கு ஃபாயில் வேண்டாம் தம்பி, கோவிக்காதீர்கள்.

இன்னொன்று. இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ஃபார்முலா போர்ட், அகலம் 100 சென்டிமீட்டர், 70 ஃபினோடு. விலை என் பாயின் விலையை விடக் குறைவு. அண்ணை அகலம் அகலம் என்கிறார், இதை விட அகலம் எங்கே கிடைக்கும்?

கச்சான் (ஹனோவர்)

வேண்டாம்.

கொண்டல் (சிங்கப்பூர்)

வேண்டவே வேண்டாம்! கச்சான் அண்ணனும் நானும் ஒத்துப்போகிற ஒரே இடம் இதுதான், தேதி குறிச்சு வையுங்க.

கச்சான் (ஹனோவர்)

காரணம் சொல்கிறேன். அது 11, 12 சதுர மீட்டர் பாய்க்கு என்று செய்த பந்தயக் குதிரை. காற்றை நோக்கி ஒரு கோடு, காற்றோடு ஒரு கோடு, அதுக்குத்தான் ஓடும். குறுக்காகச் சும்மா போய்வர, அதாவது நீங்களும் நானும் போகிற மாதிரிப் போனால், அந்த 70 ஃபின் போர்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டே இருக்கும். கால்பட்டை எல்லாம் ஓரத்தின் ஓரத்தில். மூன்றாவது கோடைக்காரர் அதில் காலை நுழைப்பதற்குள் மற்றப் பக்கம் விழுந்திருப்பார். மலிவாகக் கிடைப்பதும் அதனால்தான்.

எந்தப் பழைய போர்டாக இருந்தாலும் வாங்குவதற்கு முன் நிறுத்துப் பாருங்கள். நான் ஒருமுறை 9 கிலோ என்று எழுதியிருந்த போர்டை வாங்கி வந்து, குளியலறைத் தராசில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். என் எடையைக் கழித்தால் 12.4. மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீரைக் குடித்து வைத்திருந்தது. விற்ற ஆள் ஃபோன் எடுக்கவில்லை. மேல்தளத்தை, குதிகால் நிற்கிற இடத்தில், பெருவிரலால் அமத்துங்கள். அமுங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். ஃபின் பொருத்துகிற பெட்டியைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 50 ஃபின் போடுகிற ஆசை இருந்தால் டட்டில் பெட்டி, இரண்டு திருகு உள்ளது. ஒற்றைத் திருகுப் பெட்டியில் நீள ஃபின் போட்டால் நாளாக நாளாக ஆட்டம் காணும்.

கொண்டல் (சிங்கப்பூர்)

அண்ணன் நல்ல விஷயம் சொன்னால் ஒத்துக்க வேண்டியதுதான். ஆனால் என் கேள்விக்கு இன்னும் பதில் வரலை. 9 நாட் அடிக்கிற சனிக்கிழமை அவர் என்ன செய்வார்?

கச்சான் (ஹனோவர்)

பியர் குடிப்பார்.

சோளகம் (ரொறன்ரோ)

இரண்டு கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சும்மா இருக்கவில்லை. கரையில் அறிமுகமான இரண்டு பேரிடம் கெஞ்சி, இரண்டையும் ஓடிப் பார்த்துவிட்டேன்.

முதல் சனி, 8, 9 நாட். நீள போர்ட், 3.8 மீட்டர், என் 8.5 பாய். தங்கச்சி சொன்னது அவ்வளவும் உண்மை. டேகர்போர்ட்டை இறக்கியதும் தண்டவாளத்தில் ஏறின மாதிரி. பாயைத் தூக்கும்போது முதுகு ஒன்றுமே சொல்லவில்லை, போர்ட் அசைந்தால்தானே! ஸ்பிட் பக்கம் வரை போய், காற்றுக்கு எதிராகவே ஏறி, புறப்பட்ட இடத்துக்கே வந்து இறங்கினேன். நடக்காமல் வந்தது வாழ்க்கையில் முதல் தடவை. அன்றைக்குக் கரையில் மற்றவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு, 13 நாட், இடைக்கிடை 15. அகல போர்ட், 84 சென்டிமீட்டர், 155 லிட்டர், அதே பாய். முதல் பத்து நிமிஷம் தங்கச்சி சொன்ன கதவு. அப்புறம் ஒரு வீச்சு வந்தது. ஹார்னஸைக் கொளுவி, பின்னங்காலை ஓரத்துக்கு நகர்த்தினேன். காலுக்கடியில் சத்தம் மாறியது. சளசள என்று இருந்தது ஒரேயடியாகப் படபட என்று ஆனது. அதுக்குப் பிறகு நேரம் போனதே தெரியவில்லை. மூக்கு குத்தவில்லை, எனக்கு ஜைப் வராவிட்டாலும் விழுந்த இடத்தில் ஏறி நிற்க இடம் இருந்தது. மணிக்கூட்டைப் பார்த்தால் இரண்டு மணித்தியாலத்தில் நாற்பது நிமிஷமாவது ப்ளேனிங்.

இரண்டும் வேண்டும் போல இருக்கிறது. அனுமதி ஒன்றுக்குத்தான்.

கொண்டல் (சிங்கப்பூர்)

அப்போ கோடையில் 9 நாட் எத்தனை சனி, 13 எத்தனை ஞாயிறு என்று எண்ணிப் பாருங்க. எண்ணினால் என் பக்கம்தான் வருவீங்க.

சோளகம் (ரொறன்ரோ)

எண்ணினேன். உங்கள் பக்கம்தான் வருகிறது. அதனால் நீள போர்டை விலை பேசி, கிட்டத்தட்ட முடித்தும் விட்டேன். பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. நான் இருப்பது ஸ்காபரோவில் 11ஆம் மாடி. தும்புத்தடியை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு லிஃப்டை மூலைக்கு மூலை அளந்தேன். 3.8 மீட்டர் எந்தச் சாய்வில் வைத்தாலும் ஏறாது. படிக்கட்டு வளைவிலும் திரும்பாது. கீழே இருக்கிற ஸ்டோர் அறை இரண்டே முக்கால் மீட்டர்.

84 சென்டிமீட்டர் போர்ட் லிஃப்டில் கொஞ்சம் சாய்த்தால் நின்றுகொண்டே வரும். அதைப் போல ஒன்றை நேற்று எடுத்தேன். தராசில் ஏறிப் பார்த்தேன் அண்ணை: 9.3. பெருவிரலும் அமுங்கவில்லை. டட்டில் பெட்டி, 50 ஃபின்.

கச்சான் (ஹனோவர்)

கடைசியில் வென்றது லிஃப்ட் தான். இருந்தாலும் என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன். மாஸ்டின் அடியை டிராக்கின் நடுவில் வைத்துத் தொடங்குங்கள், மூக்கு குத்தினால் ஒவ்வொரு சென்டிமீட்டராகப் பின்னுக்கு.

கொண்டல் (சிங்கப்பூர்)

வாழ்த்துகள் அண்ணே, நிஜமாத்தான். காற்று 8 இல் நிற்கிற அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து இங்கே ஒரு வரி எழுதுங்க, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

சோளகம் (ரொறன்ரோ)

8 நாட். பாயை விரித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தூரத்தில் அந்த நீள போர்ட் போகிறது.