ராகலையில் ரயில் ஸ்டேசன் இருந்ததா?

கேள்வி (கொட்டாஞ்சேனை):
எங்கள் தாத்தா நுவரெலியாவுக்கு அப்பால், ராகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சின்னப் பையனாக இருந்தபோது ராகலை ஸ்டேசனில் கோச்சி ஏறி, நுவரெலியா போய் தீபாவளிச் சட்டை எடுத்த கதையை அடிக்கடி சொல்வார். நாங்கள் யாருமே நம்பவில்லை. கொழும்பு கோட்டை ஸ்டேசனிலிருந்து போனால் நானுஓயாவில் இறங்கி பஸ்தானே பிடிக்கிறோம், நுவரெலியா டவுனுக்கே ரயில் இல்லாதபோது ராகலைக்கு எப்படி? போன பொங்கலுக்கு அங்கே ஒரு கடையில் கேட்டேன், கடைக்காரர் சிரித்துவிட்டார்.

பதில் (வெள்ளவத்தை):
தாத்தா சொன்னது நிஜம். நானுஓயாவுக்கு 1885இலேயே பெரிய பாதை, அதாவது அகலத் தண்டவாளம், வந்துவிட்டது. 1903இல் அங்கிருந்து நுவரெலியாவுக்கும், அடுத்த வருடம் கந்தப்பளை வழியாக ராகலைக்கும் சின்னப் பாதை போட்டார்கள். சுமார் 19 மைல், தண்டவாள அகலம் இரண்டரை அடி. எல்லாம் தேயிலைக்காகத்தான்.

சிக்கல் நானுஓயாவில் இருந்தது. சின்ன வண்டி பெரிய பாதையில் ஓடாது, அதனால் ராகலையில் ஏற்றிய ஒவ்வொரு தேயிலைப் பெட்டியையும் அங்கே இறக்கி, தூக்கி, மறுபடி பெரிய வண்டியில் அடுக்க வேண்டும்; அரிசியும் உரமும் மேலே போகும்போதும் அதே கூத்து. லொறி வந்ததும் ஃபாக்டரி வாசலிலேயே ஏற்றிவிடலாமே! அப்புறம் யார் ஸ்டேசனைத் தேடுவார்கள்? 1940களில் மூடிவிட்டார்கள்.

பதில் (நாரஹேன்பிட்டி):
அதே அகலப் பாதை கொழும்பிலும் இருந்தது, களனிவெளி லைன். 90களில்தான் அவிசாவளை வரை பெரிய பாதையானது. ஸ்கூல் வேன் ரயில்வே கேட்டில் நிற்கும்போது அந்தக் கோச்சி போவதைப் பார்த்திருக்கிறேன், பெட்டி அவ்வளவு ஒடுக்கம், எதிரெதிரே உட்கார்ந்தவர்களின் முழங்கால் முட்டும். அதில் எட்டியாந்தோட்டைக் கிளை இன்னும் பாவம்: 1903இல் திறந்து, 1942இல் யுத்த நேரத்தில் தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பதில் (தெஹிவளை):
கந்தப்பளை ஸ்டேசன், இப்போது இலங்கையிலேயே உயரமான ஸ்டேசனான பட்டிப்பொளையைவிடவும் உயரத்தில் இருந்தது, அதையும் சொல்லுங்கள். கந்தப்பளையில் இருந்த பழைய ஹெதர்செட் தேயிலை ஃபாக்டரி இப்போது ஹோட்டல், அங்கே ஒரு சின்னப் பாதைப் பெட்டியை சாப்பாட்டுக் கடையாக வைத்திருக்கிறார்கள். போனால் விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள் 😄

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "சட்டை இல்லடா, கம்பளி வாங்கப் போனாங்க" என்கிறார். ஆக, கோச்சி சரி, சட்டைதான் பொய்.