புதுப்பிப்பு: திரும்பி வந்த டி-ஷர்ட் சரக்குக்கு முழு இறக்குமதி வரியா?

போன மாதம் கேட்டிருந்தேன்: திருப்பூரிலிருந்து அனுப்பிய 40 பெட்டி டி-ஷர்ட்டை அளவுக் கோளாறு என்று வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டார், சுங்க ஏஜென்ட் முழு சுங்க வரி கட்டச் சொல்கிறார் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சரக்கு நேற்று குடோனுக்கு வந்துவிட்டது.

கைகொடுத்தது 45/2017 சுங்க அறிவிக்கை. ஏற்றுமதியாகி 3 வருடத்துக்குள் திரும்பினால், அப்போது பெற்ற சலுகையைத் திருப்பிக் கட்டினால் போதும். நாங்கள் வாங்கிய டிராபேக்கை (ஏற்றுமதிக்காக அரசு திருப்பித் தந்த வரித் தொகை) கட்டினோம்.

எதிர்பாராதது ஐஜிஎஸ்டி (ஏற்றுமதி, இறக்குமதிக்கான ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி). எல்யூடி-யில் (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிமொழிக் கடிதம்) வரி கட்டாமல் அனுப்பியதால், அந்த வரியையும் இப்போது கட்டச் சொன்னார்கள். சரி, அது உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாகத் திரும்பிவிடும். ஆனால் கையில் இருந்த பணம் முடங்கியது.

அதைவிடப் பெரிய தலைவலி, அதே சரக்குதான் என்று நிரூபிப்பது. ஷிப்பிங் பில் (ஏற்றுமதியின்போது சுங்கத்தில் தாக்கல் செய்த ஆவணம்), பேக்கிங் லிஸ்ட் இருந்தும், வாங்கியவர் 6 பெட்டிகளை மாற்றிக் கட்டியிருந்ததால் எண்கள் ஒத்துப்போகவில்லை. கழுத்து லேபிளில் இருந்த லாட் எண்ணை (எந்தத் தொகுதியில் தைத்தது என்று காட்டும் எண்) காட்டித்தான் தப்பித்தோம். அதற்குள் 9 நாள் துறைமுக வாடகை ஏறிவிட்டது.