உத்தரவு போட்டபோது பிள்ளைக்கு 3 வயது, இப்போது 9: சந்திப்பு நேரத்தை மாற்ற முடியுமா?

ஒன்றுவிட்டஞாயிறு:
மணவிலக்குத் தீர்ப்பின்படி பிள்ளை அம்மா பொறுப்பில். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட ஞாயிறு காலை 10 முதல் மாலை 4 வரை. இரவு தங்க அனுமதி இல்லை. அப்போது பிள்ளைக்கு 3 வயது, இப்போது 9. அப்பா இப்போது பள்ளிக்கு நடந்து போகும் தூரத்துக்கு வீடு மாறிவிட்டார். வார இறுதியில் தங்கட்டும் என்று அம்மா வாயால் சொல்கிறார், கையெழுத்து என்றால் பின்வாங்குகிறார். இத்தனை வருடம் கழித்து உத்தரவை மாற்றலாமா? எந்தக் கோர்ட்டில்? வாய்ப்பேச்சே போதாதா?

மனுஎழுதி:
மாற்றலாம். மணவிலக்கு முடிந்துபோன விஷயம். கஸ்டடி, அதாவது பிள்ளை யார் பொறுப்பில் என்பது, அப்படியல்ல, பிள்ளை மேஜராகும் வரை அதைத் திரும்பப் பார்க்கலாம். இருவரும் சம்மதித்து வாங்கிய உத்தரவானாலும் இதேதான். சட்டப் பிரிவுகள் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் நீதிபதி கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்வி: உத்தரவுக்குப் பிறகு என்ன மாறியது, அதனால் இப்போது பிள்ளைக்கு எது நல்லது.

மனுக்கள் சறுக்குவது முதல் கேள்வியில்தான். திருமணக் காலத்துச் சண்டைகளை 10 பக்கத்துக்கு எழுதுவார்கள். உத்தரவு போட்ட அன்றே தெரிந்திருந்த எதுவும் மாற்றம் ஆகாது. சம்பளம் கூடியது, வீடு பெரிதானது, ஒருவர் மறுமணம் செய்தது ஆகியவை தனியாக நிற்காது. பிள்ளையின் அன்றாடத்தில் அவற்றால் என்ன ஆனது என்று காட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் வயதும் வீட்டின் தூரமும் போதுமான தொடக்கம். அம்மாவைக் குறை சொல்லி ஒரு வரிகூடத் தேவையில்லை. எழுதினால் இப்போது சரி என்பவரும் எதிர்மனு போடுவார்.

வழக்கமாக உத்தரவு போட்ட கோர்ட்டிலேயே மனு. பிள்ளை நிரந்தரமாக வேறு இடத்துக்குப் போயிருந்தால், அது இப்போது வசிக்கும் இடத்துக் கோர்ட்டுக்கு அதிகாரம் மாறியிருக்கலாம். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். பழைய உத்தரவின் சான்றிட்ட நகல் வாங்கி, எந்தப் பத்தியை எப்படி மாற்ற வேண்டும் என்று வாசகமாகவே எழுதிக் கொடுங்கள். 'கூடுதல் நேரம் வேண்டும்' என்று மட்டும் கேட்டால், கிடைக்கும் உத்தரவும் அதேபோல் மொட்டையாகத்தான் இருக்கும்.

வாய்ப்பேச்சு போதாது. நாளை அம்மா மனம் மாறினால் பழைய காகிதம்தான் பேசும். அவர் தயங்குவது கோர்ட் ஏறவா, கையெழுத்துப் போடவா என்று கேட்டுப் பாருங்கள். சமரசகர் முன் உட்கார்ந்து எழுதிக்கொண்டு, அதையே சம்மத மனுவாகத் தாக்கல் செய்தால் விசாரணை பெரும்பாலும் சுருக்கமாக முடியும்.

நாட்காட்டி:
வாசகம் பற்றி ஒன்று சேர்க்கிறேன், பின்னால் வரும் சண்டை முக்கால்வாசி அதில்தான். '1, 3, 5ஆம் வார இறுதி' என்று எழுதினால், 5ஆம் வாரம் முடிந்ததுமே அடுத்த மாதத்தின் 1ஆம் வாரம் வரும். ஒருவருக்கே இரண்டு வாரம் அடுத்தடுத்து விழும். மாதம் சனிக்கிழமையில் தொடங்கினால் அது முதல் வாரமா என்று அடுத்த தகராறு. 'ஒன்றுவிட்ட வாரம்' என்று போட்டு, முதல் வெள்ளியின் தேதியையும் எழுதிவிடுங்கள். பள்ளி விடுமுறை அந்தச் சுழற்சியைத் தள்ளுமா, தள்ளாதா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

14 நாளுக்கு எத்தனை இரவு என்று எண்ணுங்கள். ஒன்றுவிட்ட வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை என்றால் 2 இரவு. திங்கள் காலை நேராகப் பள்ளியில் விட்டால் 3. வாரம்தோறும் புதன் இரவும் சேர்த்தால் 5, வருடத்துக்குச் சுமார் 130. பள்ளி வழியாகக் கைமாறுவதில் இன்னொரு லாபம்: வாசலில் பெரியவர்கள் இருவரும் நேருக்கு நேர் நிற்கும் அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் போகும். அப்பா வீடு பக்கத்தில் இருப்பதால் இது உங்களுக்கு நன்றாகவே பொருந்தும்.

சாட்சிப்பெட்டி:
ஆதாரம் என்றதும் பலர் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டோடு வருவார்கள். வேண்டிய வரியை மட்டும் வெட்டிக் கொடுத்தால், எதிர்த்தரப்பு மீதியைக் காட்டும்போது உங்கள் மேல் உள்ள நம்பிக்கையே போகும். உரையாடலை முழுதாக, தேதியோடு எடுத்துக் கொடுங்கள். கூடவே ஒரு குறிப்பேடு: தேதி, உத்தரவுப்படி நேரம், உண்மையில் அழைத்துப்போன நேரம், திரும்ப விட்ட நேரம். வர்ணனை வேண்டாம். '4.00, 4.05, 3.55' என்று பல மாதம் ஓடும் வரிசை எந்த வக்கீல் வாதத்தையும் விடக் கனமானது.

ஆனால் என்ன பேச வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துத் தயார் செய்யாதீர்கள். குழந்தை உரிமைகளுக்கான 1989 ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற எடை அதற்கு உண்டு. 9 வயதில் பல நீதிபதிகள் தனியறையில் பேசுவார்கள், அல்லது ஆலோசகரை அனுப்புவார்கள். மனுவில் இருக்கும் வாக்கியத்தையே பிள்ளை ஒப்பித்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிள்ளை பேசியதைப் பதிவு செய்து கொடுப்பதும் பெரும்பாலும் கொடுத்தவருக்கே பாதகம்.

ஒன்றுவிட்டஞாயிறு:
நன்றி. இரவுகள் கூடினால் பராமரிப்புத் தொகையை அப்பா குறைத்துக் கட்டலாமா? இன்னொன்று, இதுவரை தனியாகத் தங்காத பிள்ளை. ஒரேயடியாக 3 இரவு சரிப்படுமா?

மனுஎழுதி:
தானாகக் குறைக்கவே கூடாது. புது உத்தரவு வரும்வரை பழைய தொகைதான் கடன். குறைத்தது நிலுவையாக ஏறும், கஸ்டடி மனுவே பணத்துக்காகத்தான் என்றும் சொல்வார்கள். தொகையை மாற்ற வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள். பின்தேதியிட்டுக் குறைப்பதைப் பல நாடுகளில் மனு தாக்கலான தேதிக்கு முன்னால் அனுமதிப்பதில்லை.

வெளிநாட்டுப் பயணத்துக்கும் ஒரு பத்தி கேளுங்கள்: பாஸ்போர்ட் யார் கையில், எத்தனை நாள் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று. முறையின்றி வேறு நாட்டுக்குக் கொண்டுபோன 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பும் 1980 ஹேக் உடன்படிக்கை, சேர்ந்த நாடுகளுக்கு இடையில்தான் செல்லும். இலங்கையும் சிங்கப்பூரும் அதில் உண்டு, இந்தியா சேரவில்லை. ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிப்பதும் முக்கியம். அதன் பிறகு பிள்ளை புது இடத்தில் ஊன்றிவிட்டது என்ற வாதம் எழும்.

நாட்காட்டி:
மூன்று இரவை உத்தரவிலேயே படிப்படியாக வைக்கலாம். முதல் 4 முறை சனி இரவு மட்டும், அடுத்த 4 முறை வெள்ளியும் சனியும், அதன்பின் திங்கள் காலை வரை. ஒன்றுவிட்ட வாரம் என்பதால் முதல் இரண்டு படிக்கே 16 வாரம் ஆகும். அடுத்த படிக்குப் போக மறுபடி கோர்ட்டோ அம்மாவின் சம்மதமோ தேவையில்லை என்று ஒரு வரி கட்டாயம். அந்த வரி விட்டுப்போனால் முதல் படியிலேயே நின்றுவிடும். காய்ச்சலால் ஒரு முறை தவறினால் அது எண்ணிக்கையில் சேருமா என்பதையும் எழுதிவிடுங்கள்.