கதவில் ஒட்டிய தாள் எந்தப் பக்கம்? (ஜப்பானா, கொரியாவா: உதவி தேவை)

கூடத்துஜன்னல்:
அலுவலக வேலையாகக் கொரியாவின் பூசானுக்குப் போனவள், விடுப்பு எடுத்து அப்படியே ஜப்பானில் நாரா, கியோட்டோ என்று சுற்றிவிட்டு வந்தேன். ஊர் திரும்பிய வாரமே தொலைபேசி தண்ணீர் வாளிக்குள் விழுந்து உயிரை விட்டது. குடும்பக் குழுவில் அனுப்பியிருந்த படங்கள் மட்டும்தான் மிச்சம். அவற்றில் தேதியும் இல்லை, இடமும் இல்லை. நாற்பது படங்கள். எல்லாவற்றிலும் ஓட்டுக் கூரை, மரத் தாழ்வாரம், தாள் ஒட்டிய கதவு. எது எந்த நாடு என்று எடுத்த எனக்கே தெரியவில்லை. கூரை நுனி தூக்கியிருந்தால் கொரியா என்கிறான் தம்பி. சரியா? மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்: முற்றத்திலிருந்து எடுத்த கதவு, ஒரு மரத் தரை, ஒரு கோணல் தூண்.

இழைப்புளி:
தம்பி சொல்வதை நம்ப வேண்டாம். கோயில் கூரை இரண்டு நாட்டிலும் நுனியில் தூக்கித்தான் இருக்கும். என் அப்பா தச்சர். நான் கொரியாவின் உல்சானில் கப்பல் கட்டும் தளத்தில் நான்கு ஆண்டுகள் இருந்தவன். விடுமுறை நாள்களில் பழைய வீடுகளைப் பார்த்துத் திரிவதுதான் வேலை.

முதல் படம் கொரியா. நீங்கள் வெளியே நிற்கிறீர்கள், கதவின் மரச் சட்டங்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. கொரியர்கள் தாளை உள்பக்கம் ஒட்டுவார்கள். ஜப்பானின் ஷோஜி கதவில் தாள் வெளிப்பக்கம் இருக்கும், சட்டம் அறைக்குள் இருப்பவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது படமும் கொரியாதான். பலகைகள் எவ்வளவு குட்டை என்று பாருங்கள். நீள மரங்களுக்கு நடுவே காடி எடுத்துச் செருகிய துண்டுகள் அவை. பைன் மரம் காய்ந்து இடைவெளி விழுந்தால், பலகைகளை நெருக்கித் தள்ளிவிட்டு ஓரத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜப்பானியத் தாழ்வாரத்தில் பலகைகள் நீளமாக ஓடும்.

உண்மையான வேறுபாடு தரைக்கு அடியில் இருக்கிறது. அது படத்தில் விழாது. கொரிய வீட்டின் உயிர் அடுப்பு. அதன் புகையும் சூடும் அறையின் தரைக்கு அடியில், கற்பலகைகளுக்குக் கீழே ஓடி மறுபக்கம் புகைபோக்கி வழியாக வெளியேறும். கல்லின் மேல் மண், மண்ணின் மேல் எண்ணெய் ஊட்டிய தாள். இதுதான் ஒண்டோல். அடுப்பை ஒட்டிய இடம் பெரியவர்களுக்கும் விருந்தாளிக்கும். ஆண்டோங்கில் ஒரு ஜனவரி இரவு எனக்கு அந்த இடத்தைத்தான் கொடுத்தார்கள். அங்கே மட்டும் தாள் கருகிக் காப்பி நிறத்தில் இருந்தது. முதுகு வெந்தது, மூக்கு உறைந்தது. விடிய விடியப் புரண்டுகொண்டே கிடந்தேன். கோடைக்காக, அந்த அறைக்கு அடுத்தாற்போல் மரத் தரைக் கூடம். அதன் கதவுகளை மேலே தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டால் காற்று பிய்த்துக்கொண்டு போகும்.

ஜப்பானியர்கள் தரையை உயர்த்தி, அடியில் காற்றை விட்டார்கள். கோடைப் புழுக்கம்தான் அவர்களுக்குப் பெரிய பகை. குளிர்காலத்தில் கணப்பின் மேல் போர்வை போட்ட மேசைக்கு அடியில் காலை நீட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கோணல் தூணும் கொரியாதான். மரம் வளைந்திருந்தால் வளைந்தபடியே நிறுத்திவிடுவார்கள். ஹ்வாவொம்சா கோயிலின் ஒரு துறவிக்கூடத்தில் கிளை முடிச்சுகளோடு அப்படியே தூணாக நிற்கும் மரத்தைப் பார்த்து அரை மணி நேரம் நின்றேன். அப்பா பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.

ஏரிக்கரை:
தொழில் போன வழியையும் சொல்ல வேண்டும். 577-இல் கொரியாவின் பெக்சே அரசு ஜப்பானுக்கு ஒரு கோயில் தச்சரை அனுப்பியது, 588-இல் தச்சர்களையும் ஓடு செய்பவர்களையும் அனுப்பியது என்று ஜப்பானின் பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகி குறிக்கிறது. பெக்சே காலத்து மரக் கட்டடம் ஒன்றுகூடக் கொரியாவில் மிஞ்சவில்லை. அந்தக் கைவேலையின் சாயலைப் பார்க்க நாராவில் ஹோரியூஜி என்ற பழைய மரக் கோயிலுக்குத்தான் போக வேண்டும். கொரியாவில் நிற்பவற்றில் மிகப் பழையதாகக் கருதப்படும் போங்ஜோங்சா கோயில் மண்டபத்தை 1972-இல் பிரித்துப் பழுது பார்த்தபோது, 1363-இல் கூரை மாற்றியதைச் சொல்லும் குறிப்பு கிடைத்தது.

மூங்கில்பாலம்:
இழைப்புளி ஐயா, தூண் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டீர்கள். ஜப்பானியக் குடியானவர் வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் வளைந்த விட்டங்கள்தான். தேநீர் அறையில் பட்டை உரிக்காத மரத்தையே தூணாக நிறுத்துவதும் உண்டு. எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்பது பயணக் கையேடுகள் பரப்பிய கதை.

இழைப்புளி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தேநீர் அறையில் அந்த ஒரு மரத்தைத் தேடிப் பிடித்து, எல்லோரும் பார்க்கும் இடத்தில் நிறுத்துவார்கள். கொரியாவில் கையில் கிடைத்ததை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள் என்றே தோன்றும். சகோதரி, அந்தத் தூணின் அடிப்பகுதியும் தரையும் தெரிகிற படம் இருந்தால் போடுங்கள்.

கூடத்துஜன்னல்:
அடிப்பகுதி இல்லை ஐயா, குறுக்கே என் பை. ஆனால் தூணுக்குப் பின்னால் பாய் விரித்திருக்கிறது. ஓரத்தில் கறுப்புத் துணிப் பட்டை தைத்திருக்கிறது.

இழைப்புளி:
அது தாத்தாமி, ஜப்பானியத் தரைப் பாய். மூங்கில்பாலத்துக்கு ஒரு தேநீர் கடன்பட்டிருக்கிறேன்.