இன்சுலின் பம்ப்: டியூப் உள்ள பம்பா, உடம்பில் ஒட்டும் பம்பா? மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

திருச்சி அம்மா:
மகளுக்கு 11 வயது. 2 ஆண்டுகளாக டியூப் உள்ள பம்ப். அடுத்தது எதை வாங்குவது என்ற பேச்சு வந்தால் எல்லோரும் அம்சங்களின் பட்டியலைக் காட்டுகிறார்கள். எனக்கோ தங்கையின் திருமண வரவேற்புதான் கண்முன் நிற்கிறது. பட்டுப் பாவாடையில் பம்பைச் செருக இடமில்லை. இடுப்பு நாடாவில் ஊக்குக் குத்தி மாட்டிவிட்டேன். ஓடியாடும்போது டியூப் கதவுத் தாழ்ப்பாளில் சிக்கி, தோலுக்குள் மருந்தைச் செலுத்தும் மெல்லிய குழாயான கேனுலா வெளியே வந்துவிட்டது. அவளுக்கே தெரியவில்லை. பம்பும் ஒலி எழுப்பவில்லை. அதன் கணக்கில் மருந்து போய்க்கொண்டுதான் இருந்தது. சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரை மாதம் முழுவதும் போட எங்களுக்கு வசதியில்லை. பந்தியில் அருகே உட்கார்ந்தபோது, அவள் தலையிலிருந்த மல்லிகையையும் மீறி அந்த டெட்டால் போன்ற மணம் வந்தது. இன்சுலின் மணம் உங்களுக்குத் தெரியும். பாவாடையைத் தொட்டால் ஈரம். மாலையிலிருந்து கொடுத்த போலஸ் (சாப்பாட்டுக்கோ சர்க்கரையை இறக்கவோ ஒரே தடவையாகக் கொடுக்கும் அளவு) எல்லாம் பட்டில் இறங்கியிருந்தது. சர்க்கரை 438.
டியூபே இல்லாத பம்ப் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

லண்டன், 27 வயது:
நான் வைத்திருப்பது ஆம்னிபாட் 5 என்ற ஒட்டும் பம்ப். இங்கிலாந்தில் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் 2024 ஏப்ரலில் சென்சாரோடு சேர்ந்து தானே அளவை மாற்றிக்கொள்ளும் பம்புகளைப் பரவலாகக் கொடுக்கத் தொடங்கியது, அப்போது கிடைத்தது. டியூப் இல்லை. 3 நாளுக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். 200 யூனிட்தான் பிடிக்கும். எனக்கு ஒரு நாளுக்கு 45 என்பதால் போதும். ஆனால் நான் அதைத் தேர்ந்தெடுத்தது மறைத்துவிடலாம் என்பதற்காக. நிச்சயதார்த்தத்திற்கு முந்தைய வாரம், வளையல் அளவு பார்க்க வருங்கால மாமியார் என் கையைப் பிடித்தார். சட்டைக் கை மேலே ஏறியது. "இது என்னம்மா?" என்றார். "வைட்டமின் ஒட்டு, அத்தை" என்றேன். அவர் மகனுக்கு எல்லாம் தெரியும். வீட்டாரிடம் நானே சொல்வதாக இருந்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னேன். நோயைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. "அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார், அவ்வளவுதான். அந்தக் குரல் இன்னும் என்னை விடவில்லை.

கோவை, 1983 முதல் இன்சுலின்:
திருச்சி அம்மாவுக்கு: பம்பை மாற்றுவது இதற்குத் தீர்வல்ல. ஒட்டும் பம்பும் கதவு நிலையில் இடித்தால் பெயர்ந்துவிடும். டியூபை ஒரு சுற்று வளைத்து, கேனுலாவிலிருந்து நான்கு விரல் தள்ளி ஒட்டுப்பட்டை போடுங்கள். எதில் சிக்கினாலும் இழுப்பு பட்டையோடு நின்றுவிடும். பம்பில் இருப்பது விரைவு இன்சுலின் மட்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் உடம்பில் இல்லாததால், சில மணி நேரம் தடைபட்டாலே கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் ஆபத்தான அமிலம்) ஏறும். காரணமில்லாமல் சர்க்கரை 250ஐத் தாண்டி, இறங்கவும் மறுத்தால், பம்பை நம்பி இன்னொரு போலஸ் கொடுக்காதீர்கள். இன்சுலின் பேனாவால் ஊசி போடுங்கள், கேனுலாவை மாற்றுங்கள், கீட்டோன் பாருங்கள். தூங்கப் போகும் நேரத்தில் கேனுலாவை மாற்ற வேண்டாம்; காலையில் மாற்றினால் கோளாறு பகலிலேயே தெரிந்துவிடும். பள்ளியிலும் ஒரு பேனா இருக்கட்டும்.
என் கதை சிறியது. வெளியூரில் மருந்து தீர்ந்து, கடையில் கொடுத்த குப்பியை நிரப்பிக்கொண்டேன். 2 நாள் 300க்குக் கீழே வரவில்லை. குப்பியை ஜன்னலோரம் பிடித்துப் படித்தபோதுதான் 40 என்ற எண் கண்ணில் பட்டது. நம் கடைகளில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் குப்பியும் உண்டு. நம் பம்புகள் 100 யூனிட் இன்சுலினுக்குக் கணக்கிட்டவை. 1 யூனிட் கேட்டால் 0.4தான் போகும்.

சென்னை, வேளச்சேரி:
2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மின்சாரம் இல்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர். என்னிடம் மினிமெட் 780ஜி என்ற டியூப் உள்ள பம்ப். ஒரே ஒரு ஏஏ செல்லில் ஓடுவது. இரண்டாம் இரவு, செல் தீரப்போகிறது என்று எச்சரித்தது. மகனின் பொம்மைக் காரைத் திருகாணி கழற்றி அல்கலைன் செல்லை எடுத்தேன். ஐந்து வயதுப் பிள்ளை, ஒரு வார்த்தை பேசாமல் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகள் டி:ஸ்லிம் எக்ஸ்2 என்ற டியூப் உள்ள பம்ப் வைத்திருக்கிறாள். மெலிது, தொடுதிரை, இதைப் போலவே 300 யூனிட். கைப்பேசிபோல மின்னேற்ற வேண்டும். அந்த இரவுக்குப் பின் எனக்கு அது வேண்டாம்.

மதுரை, 14 வயது மகனின் தந்தை:
வேளச்சேரி நண்பரே, ஒரு பவர் பேங்க் இருந்தால் அந்த வாதம் நிற்காது. கோவை ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் "கேனுலாவை மாற்றுங்கள்" என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டீர்கள். எங்கள் வீட்டில் கேனுலாவும் டியூபும் சேர்ந்த ஒவ்வொரு செட்டும் எண்ணி வைத்தது. 3 நாளில் மாற்ற வேண்டியதை 5 நாள் ஓட்டினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குச் சட்டையைக் கழற்றினான். தொப்புளுக்குப் பக்கத்தில் சிவந்து, நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. தொட்டேன். "வலிக்கவில்லை அப்பா, இன்னும் இரண்டு நாள் போகும்" என்றான். அவனுக்குச் செட்டின் விலை தெரியும்.
அந்த வாரமே மருத்துவரிடம் கேட்டுப் பேனாவுக்குத் திரும்பினோம். பம்ப் பீரோவில் இருக்கிறது. வாங்கப் போகிறவர்கள் பம்பின் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மாதம் 10 செட், மருந்து நிரப்பும் ரிசர்வாயர், சென்சார் மூன்றையும் கூட்டி, நான்கு ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

கோவை, 1983 முதல் இன்சுலின்:
தம்பி, அந்தச் செலவை நினைக்காமல் எழுதிவிட்டேன். மன்னியுங்கள். பேனாவில் அவனுடைய மூன்று மாத சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) எப்படி இருக்கிறது?

மதுரை, 14 வயது மகனின் தந்தை:
7.9 ஐயா. பம்பில் 7.1 இருந்தது.

திருச்சி அம்மா:
ஐயா சொன்னபடி பட்டை போட்டுப் பார்த்தேன், வேண்டுமென்றே இழுத்தும் பார்த்தேன், நின்றது. புதுப் பம்பை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டோம். தெருமுனைத் தையற்காரரிடம் அந்தப் பட்டுப் பாவாடையைக் கொடுத்திருந்தேன். இடுப்புப் பட்டியின் உள்பக்கம் பை வைத்து, டியூப் நுழைய ஒரு காஜாவும் எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டார். மகளே பம்பை எடுத்துக் காட்டினாள்.